பசை தடவினால் போதுமா?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைத் தாண்டிச் சென்றால் பழவேற்காடு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் விரிந்து கிடக்கிறது. தெற்கு மூலை மட்டும் தமிழ்நாட்டுக்குச் சொந்தம். அந்தத் தெற்கு மூலையில்தான் டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டு கெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணி வாணிபமும் வெடிமருந்து உற்பத்தியும் நடத்தினார்கள். கோட்டை இடிந்துவிட்டது. கல்லறைகள் மிஞ்சின. ஆனால் மீனவர் குப்பங்களுக்கு மட்டும் முடிவே இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஒரு காலத்தில் இந்தக் குப்பங்களில் பொழுது விடியும்போது துடுப்பின் சலசலப்பும் பாயின் படபடப்பும்தான் கேட்கும். இன்று முதலில் காதில் விழுவது டீசல் என்ஜினின் சத்தம். பைபர் படகின் பின்புறத்தில் என்ஜின். அதிலிருந்து தண்ணீருக்குள் நீளும் தண்டு. தண்டின் முனையில் விசிறி. படகு ஏரியைக் கடந்து, முகத்துவாரத்தில் அலையைத் தாண்டி, கடலுக்குள் போய்விடுகிறது.

காது கூர்மையானவர்கள் அந்தச் சத்தத்தில் இன்னொரு சத்தத்தையும் பிரித்துக் கேட்பார்கள். ‘டிக், டிக்’ என்று ஒரு சின்னத் தட்டல். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பலமாகவும், சூடேறிய பிறகு மெதுவாகவும் கேட்கும். என்ஜினின் தலையும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் புகை கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்தக் கசிவை அடைக்க வழி இரண்டு. ஒன்று, மெக்கானிக்குகள் ‘பாக்கிங்’ என்று சொல்லும் தகட்டைப் புதிதாகப் போடுவது. மற்றொன்று, ட்யூபிலிருந்து பிதுக்கும் சூடு தாங்கும் பசையைத் தடவி மூட்டை முடுக்கிவிடுவது. பாக்கிங் கிடைக்காத நாளில், “பசையைப் போட்டு விடு அண்ணே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்பது படகுத் துறையிலும் சரி, கார் ஒர்க்ஷாப்பிலும் சரி, சகஜமான பேச்சு. அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதில்லை என்பதுதான் விஷயம்.

பசை தடவினால் போதுமா? பார்வைக்குச் சின்னக் கேள்வி. பதில் அத்தனை சின்னதல்ல.

இரண்டு இரும்பு, நடுவே ஒரு தகடு

பாக்கிங் எதற்காக? இரும்போடு இரும்பை வைத்து முடுக்கினால் போதாதா?

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரும்பின் முகம், பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு முகங்களைச் சேர்த்து எவ்வளவு முடுக்கினாலும் மேடுகள்தான் ஒன்றையொன்று தொடும். பள்ளங்கள் வழியாக வாயு வெளியேறும். நடுவே சற்று மெத்தென்ற தகட்டை வைத்தால், முடுக்கும்போது அது நசுங்கிப் பள்ளங்களை நிரப்புகிறது. அதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. நசுங்கிய தகடு திரும்பி எழவும் முயல்கிறது. அந்த எழுச்சிதான் முக்கியம். இரும்பு சூட்டில் நீண்டு, குளிரில் சுருங்கும் ஒவ்வொரு தடவையும், தகடு கூடவே அழுந்தி, கூடவே எழுந்து இடைவெளியை மூடிக்கொண்டிருக்கிறது.

இரும்பு எவ்வளவு நீளும் என்று கேட்கலாம். ஒரு மீட்டர் இரும்பு, ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. அற்பம்தான். ஆனால் நான்கு ஸிலிண்டர் கார் ஒன்றின் புகைக்கூடு 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் நீண்டுவிடும். புகைக்கூடு இரும்பு, என்ஜினின் தலை பல வண்டிகளில் அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும் சுபாவம் உடையது. ஆனால் இரும்புக் கூட்டின் அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆக, போல்ட்டால் இறுக்கப்பட்ட இரண்டு உலோகங்களும் ஆளுக்கொரு கணக்கில் நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்கின்றன. ஒவ்வொரு தடவை என்ஜினைக் கிளப்பி நிறுத்தும்போதும் இந்த நாடகம் நடக்கிறது.

சூடு ஒருபுறம் இருக்க, அடி வேறு. நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும் ஒற்றை ஸிலிண்டர் படகு என்ஜினில், நிமிஷத்துக்கு 1,500 தடவை புகை வால்வு திறக்கிறது. அதாவது விநாடிக்கு 25 தடவை, அழுத்தம் நிறைந்த சுடுவாயு அந்த மூட்டைச் சுத்தியலால் தட்டுவது போலத் தட்டுகிறது. இத்தனையையும் தாங்குவதுதான் அந்த மெல்லிய தகட்டின் உத்தியோகம்.

தைத்த படகு சொல்லும் பாடம்

மூட்டு என்றால் அது கொஞ்சம் இளகிக் கொடுக்கவேண்டும் என்பது நம் கடற்கரைக்குப் புதிய பாடமல்ல. கட்டுமரத்தில் ஆணியே கிடையாது. மரங்களைக் கயிற்றால் கட்டினார்கள். அதனால்தான் அந்தப் பெயர். அந்தப் பெயர் கடல் கடந்து போய் ஆங்கில அகராதியிலும் இடம் பிடித்துவிட்டது.

சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பலிலிருந்து பிரயாணிகளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலில் வைக்கோலைத் திணித்துச் செய்யப்பட்ட படகுகள் அவை. ஆணி அடித்துக் கட்டிய ஐரோப்பியப் படகுகள் சோழமண்டலக் கரையின் அலையில் மோதி உடைந்தன. தைத்த படகோ அலை மோதியதும் வளைந்து கொடுத்து, தப்பித்துக் கரை சேர்ந்தது. கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும். அதை இறைத்துக் கொட்ட ஆள் இருந்தான்.

இந்தக் கணக்கை அப்படியே என்ஜினுக்குக் கொண்டுவரலாம். தையலில் திணித்த வைக்கோல்தான் பாக்கிங். முடுக்கினால் அழுந்தும், விட்டால் எழும். கல்லாக இறுகிப்போகும் பூச்சு, ஆணி அடித்த படகின் ஜாதி. அசையாதவரை பலம், அசைந்தால் விரிசல்.

ட்யூபில் வந்த வரம்

இனிப் பசையின் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். கடைகளில் ‘சூடு தாங்கும்’ என்று விற்கப்படும் பசைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. முக்கியமாக இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதித் தொல்லை.

முதல் வகை சிலிக்கோன் ரப்பர் பசை. சிவப்பு, கறுப்பு, சாம்பல் நிறங்களில் ட்யூபில் வரும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி ரப்பராக மாறும். சில ரகங்களைப் பிதுக்கும்போது மூக்கில் ஏறும் காடி நெடி, அப்போது வெளியாகும் அசெட்டிக் அமிலத்தின் நெடிதான். மேலே சில நிமிஷத்தில் தோல் கட்டிவிட்டாலும், உள்ளே முழுவதும் இறுக ஏறக்குறைய ஒரு நாள் தேவை. எண்ணெய்த் தொட்டி, முன்பக்க மூடி, தண்ணீர்ப் பம்பு போன்ற இடங்களில் இந்தப் பசை பிரமாதமாக வேலை செய்கிறது. இக்காலத்துக் கார்க் கம்பெனிகளே பல இடங்களில் காகிதப் பாக்கிங்கை விட்டுவிட்டு, யந்திரக் கையால் இந்தப் பசையைக் கோடு போட்டு ஒட்டுகின்றன. ஆகவே, ‘பசை மட்டமானது’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமாகாது.

ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சூடு தாங்கும் சிவப்பு ரகம்கூட சுமார் 300 டிகிரி சென்டிகிரேட் வரைதான் நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு அதற்கு மேலும் சற்றுப் பொறுக்கும். என்ஜினின் தலையை விட்டு வெளியே வரும் புகையின் சூடு என்ன? பாரம் இழுக்கும் டீசல் என்ஜினில் 400 முதல் 600 டிகிரி வரை சாதாரணம். பெட்ரோல் காரில் 700, 800 டிகிரியைக்கூட எட்டும். அந்த வாயில் சிலிக்கோனைத் தடவினால், சில நாளில் அது ரப்பர் குணத்தை இழந்து, வெளுத்து, பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும்.

இரண்டாவது வகை, சைலன்ஸர் பசை. இது பெரும்பாலும் ‘தண்ணீர்க் கண்ணாடி’ என்று ரசாயன மாணவர்கள் படிக்கும் சோடியம் சிலிகேட்டில் சூடு தாங்கும் பொடிகளைக் கலந்து செய்த சாந்து. என்ஜின் சூட்டிலேயே இது வெந்து இறுகுகிறது. 1,000 டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது பொய்யல்ல. சூட்டைத் தாங்கும், ஆனால் அசைவைத் தாங்காது. செங்கல் சூளைக்குள் சுட்ட மண்ணைப் போல இறுகிவிட்ட அந்தச் சாந்து, இரும்பு நீண்டு சுருங்கும்போது கூடவே நீண்டு சுருங்க மறுக்கிறது. மயிரிழை விரிசல் விழுகிறது. அந்த விரிசலில் விநாடிக்கு 25 தடவை சுடுவாயு பாய்ந்தால் அது வாய்க்காலாகிவிட எத்தனை நாள் பிடிக்கும்?

சூடு தாங்குவது அசைவைத் தாங்கவில்லை. அசைவைத் தாங்குவது சூடு தாங்கவில்லை. இரண்டையும் தாங்குவதற்காகவே பாக்கிங் பிறந்தது.

கல்நார் தந்த கண்டம்

பாக்கிங்கிலும் ஒரு சோகக் கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் என்ஜின் பாக்கிங் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார்தான். நெருப்பில் எரியாது, மெத்தென்று நசுங்கும், விலையும் மலிவு. இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே கல்நாரை வைத்து மடித்த பாக்கிங் உலகமெங்கும் ஓடியது.

அந்த நாரின் தூசு மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. பத்து இருபது வருஷம், சில சமயம் முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட, நுரையீரல் இறுகும் நோயாகவும் புற்றுநோயாகவும் தலை காட்டுகிறது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலத்தைப் பாதுகாப்பது அவர்களின் அடிப்படை உரிமையோடு சேர்ந்தது என்று இந்தியாவின் உச்சநீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. இப்போது நல்ல பாக்கிங்குகள் கிராபைட்டாலும், பல அடுக்கு எஃகுத் தகடுகளாலும், செம்பாலும் செய்யப்படுகின்றன.

என்றாலும் பழைய என்ஜின்களில் பழைய பாக்கிங் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைச் சுரண்டி எடுப்பவர்கள், முதலில் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்துக்கொள்ளவேண்டும். உலர்ந்தபடியே தேய்ப்பதும், காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வதும், தெரியாமல் விஷத்தை வாங்கி மூச்சில் இழுப்பதற்குச் சமம்.

சின்னக் கசிவு, பெரிய விலை

‘கொஞ்சம் புகை கசிந்தால் என்ன? திறந்த படகுதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும்’ என்று கேட்கலாம்.

காற்றால் குளிரும் சின்ன என்ஜின்களை எடுத்துக்கொள்வோம். காற்று வடிகட்டியும் புகைக்குழாயும் அதிக தூரத்தில் இருப்பதில்லை. கசியும் கரிப்புகையை என்ஜினே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. வடிகட்டி கரி பிடிக்கிறது, சுத்தமான காற்று குறைகிறது, இழுவை குறைகிறது, டீசல் அதிகம் செலவாகிறது. கரையில் நிற்கும்போது இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. முகத்துவாரத்தில் மணல் திட்டுக்கும் எழும்பும் அலைக்கும் நடுவே, என்ஜினின் முழு இழுவையும் தேவைப்படும் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அதன் விலை தெரியும்.

அடுத்தது நெருப்பு. கசிவு என்பது புகை மட்டுமல்ல. ஊதுகுழலிலிருந்து வருவது போன்ற சூட்டு வீச்சு. அது டீசல் ட்யூபின் பக்கமோ, பைபர் பலகையின் பக்கமோ திரும்பியிருந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. பைபர் என்பது கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்தது. பிசின் எரியும்.

மூன்றாவது, மூச்சு. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் சேர்த்தது. தினமும் பல மணி நேரம் என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவருக்கு இது அலட்சியம் செய்யக்கூடிய செய்தியல்ல.

பெட்ரோல் காரில் அபாயம் இன்னும் வேறு விதம். அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு இருக்கிறது. நிறமில்லை; மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம்; சில சமயம் விழிப்பே இல்லாத தூக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ஜினை ஓடவிட்டபடி காருக்குள் தூங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பதும் இதே காரணத்தால் தவறு.

இந்தக் காலத்துக் கார்களில் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. புகைக்குழாயில் பிராணவாயுவின் அளவைப் பார்க்கும் உணர்கருவி ஒன்று உண்டு. அது சொல்வதைக் கேட்டுத்தான் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று காரின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. புகைக்குழாயில் ஒவ்வொரு அடிக்கும் இடையே ஒரு கணம் உறிஞ்சலும் உண்டு. அப்போது விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்தால், கருவி ஏமாந்துபோகிறது. பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் அதிகமாக ஊற்றுகிறது. சிலிக்கோன் பசையிலிருந்து எழும் ஆவிகூட இந்தக் கருவியைக் கெடுத்துவிடும். ‘உணர்கருவிக்குக் கெடுதல் செய்யாதது’ என்று குறிப்பிட்ட ரகங்கள் தனியே விற்கப்படுவது இதற்காகத்தான். கார்ச் சொந்தக்காரருக்குக் கடைசியில் வரும் பில், பாக்கிங்கின் விலையைப்போல் பல மடங்கு.

ஏரிக்கு அக்கரையில்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1971-ல் முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ராக்கெட் கிளம்பும் நாளில் குறிப்பிட்ட கடல் பகுதிக்குப் போகவேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். குப்பத்துக் குழந்தைகள் கரையில் நின்று, வானத்தில் ஏறும் நெருப்புக் கோட்டைப் பார்க்கிறார்கள். அந்த ராக்கெட்டுக்கும் படகு என்ஜினுக்கும் பொதுவான பிரச்னை ஒன்று உண்டு என்று சொன்னால் வியப்பாக இருக்கும். சுடுவாயுவை மூட்டு வழியே கசியவிடாமல் காப்பதுதான் அது.

அந்தப் பிரச்னையில் தவறினால் என்ன நடக்கும் என்பதை உலகம் 1986 ஜனவரி 28-ஆம் தேதி பார்த்தது. அமெரிக்காவில் புளோரிடா கரையிலிருந்து கிளம்பிய ‘சாலஞ்சர்’ விண்ணோடம் 73 விநாடிகளில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். பக்கத்தில் பூட்டியிருந்த திட எரிபொருள் ராக்கெட்டின் ஒரு மூட்டில் கசிவு ஏற்பட்டதே காரணம்.

அந்த மூட்டின் அமைப்பைப் பார்த்தால் பழவேற்காட்டு மெக்கானிக்குக்குக்கூடப் பழகிய சரக்குதான். உள்ளே சூட்டைத் தடுக்க ஸிங்க் குரோமேட் பசை. அதற்குப் பின்னால் இரண்டு ரப்பர் வளையங்கள். பசையில் ஊசித்துளைகள் விழுந்தன. சுடுவாயு அவற்றின் வழியே கூர்மையாகப் பாய்ந்து வளையத்தைத் தாக்கியது. அன்று காலை கடுங்குளிர். குளிரில் விறைத்த ரப்பர், இடைவெளி திறந்தபோது உடனே எழுந்து மூடவில்லை. முதல் நாள் இரவே, இந்தக் குளிரில் கிளப்பக்கூடாது என்று ராக்கெட் கம்பெனியின் என்ஜினீயர்கள் எச்சரித்திருந்தார்கள். மேலிடம் கேட்கவில்லை.

விசாரணைக் கமிஷனில் இருந்த பௌதிக விஞ்ஞானி ரிச்சர்ட் பெய்ன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கிடுக்கியில் நெருக்கி, ஐஸ் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டு எடுத்துக் காட்டினார். கிடுக்கியை விட்டதும் ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. நசுங்கியது எழவேண்டும் என்ற அந்தச் சின்ன விதியை உலகமே அன்று கண்ணால் பார்த்தது. பிறகு திருத்தியமைத்த மூட்டில் அந்தப் பசைக்கே இடம் இல்லாமல் செய்துவிட்டார்கள். மூன்றாவது வளையத்தையும், மூட்டைச் சூடாக வைக்கும் கருவியையும் சேர்த்தார்கள்.

எங்கே பசை, எங்கே பாக்கிங்?

அப்படியானால் பசைக்கு வேலையே இல்லையா? உண்டு. அதன் இடம் தெரிந்து போடவேண்டும்.

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் செருகி, மேலே கிளிப்பால் இறுக்கும் இடத்தில் பாக்கிங்குக்கு இடமே கிடையாது. அங்கே சைலன்ஸர் பசைதான் சரி. என்ஜினிலிருந்து தள்ளி, சூடும் குறைந்து, அழுத்தமும் தணிந்த பின்பகுதி அது. சில என்ஜின்களில் புகைக்கூட்டின் முகத்தை வெகு நேர்த்தியாகக் கடைந்து, பாக்கிங்கே இல்லாமல் அமைத்திருப்பார்கள். அங்கும் மெல்லிய பூச்சு செல்லும். உப்புக்காற்றில் துருப்பிடித்து முகத்தில் சிறு குழிகள் விழுந்திருந்தால், அவற்றை நிரப்ப சாந்தைத் தொட்டு வைத்து, அதன்மேல் பாக்கிங்கையும் போடலாம். நடுக்கடலில் பாக்கிங் பிய்ந்துவிட்டால் கரை வந்து சேரும்வரை எதுவும் நல்லதே. ஆபத்துக்குப் பாவமில்லை.

ஆனால் கம்பெனி பாக்கிங் போட்டு அனுப்பிய இடத்தில், என்ஜின் தலையின் வாயிலில், பாக்கிங்குக்குப் பதிலாகப் பசை என்பது நிலைக்காது. பாக்கிங் இல்லாவிட்டால் முகங்களுக்கு இடையே உள்ள தூரமும் மாறிவிடுகிறது. முடுக்க முடுக்கப் பசை பிதுங்கி உள்ளேயும் வழிகிறது. எண்ணெய் ஓடும் பக்கங்களில் இப்படிப் பிதுங்கிய பசைக் கட்டி உதிர்ந்துபோய் எண்ணெய்ச் சல்லடையை அடைத்து, என்ஜினையே பிடிக்க வைத்துவிடும். கொஞ்சம் போட்டால் நல்லது, நிறையப் போட்டால் மிக நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

கைப்பக்குவம்

பாக்கிங் மாற்றுவது பெரிய வித்தையல்ல. பொறுமைதான் வேண்டும். என்ஜின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். உப்பில் துருவேறிய போல்ட்டை பலத்தால் திருகினால் முறிந்து தலைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தால் மறுநாள் சாதுவாக வெளியே வரும்.

இரண்டு முகங்களையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கவேண்டும். பிறகு நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வெளிச்சம் தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். வளைந்த முகத்துக்கு எந்தப் பாக்கிங்கும், எந்தப் பசையும் பரிகாரமல்ல. லேத்துப் பட்டறையில் முகத்தைச் சமன் செய்துகொண்டு வருவதே வழி. பசை அடிக்கடி தேவைப்படுகிறது என்றாலே, முகத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்கவேண்டும்.

அளவான பாக்கிங் கடையில் கிடைக்காவிட்டால், சூடு தாங்கும் கிராபைட் தகடு வாங்கி வெட்டிக்கொள்ளலாம். தகட்டை இரும்பு முகத்தின்மேல் வைத்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் அச்சுப் போல உருவம் விழும். சென்னைப் புதுப்பேட்டையில் இந்தக் கலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. செப்பு வளையமாக இருந்தால், மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை நெருப்பில் காட்டி ஆறவிட்டால் செம்பு மறுபடி மிருதுவாகிவிடும்.

போல்ட்டுகளை ஒரே தடவையில் ஒரு பக்கமாக முடுக்கிவிடக் கூடாது. எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு சுற்றில் முடுக்கவேண்டும். என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, முழுவதும் ஆறிய பிறகு இன்னொரு தடவை முடுக்கிப் பார்க்கவேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுப் பாக்கிங் முதல் சூட்டில் படிந்து கொடுக்கும், போல்ட் தளரும். பாக்கிங் சரியில்லை என்று பழி அதன்மேல் விழும்.

கசிவைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். மூட்டைச் சுற்றிக் கறுப்புக் கரிக் கோடு படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். அதிகாலைக் குளிரில் என்ஜினைக் கிளப்பும்போது அந்த ‘டிக் டிக்’ கேட்கிறதா என்று காது கொடுக்கவேண்டும். சூடேறி இரும்பு நீண்டதும் சத்தம் அடங்கிவிடும். அடங்கியதால் நோய் தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு நாளின் மதிப்பு

இத்தனை தெரிந்தும் பசையை நாடுவது ஏன்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது; நியாயமல்ல. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. முறையை மதிக்கும் அந்தக் குப்பங்களில் நாளின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். போன நாள் போனதுதான். கடலுக்குப் போகும் படகுக்கும் அப்படியே. மீன் கூட்டம் வந்திருக்கிறது என்று தெரிந்த அன்று, பொன்னேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிப் போய் ஒரு சின்ன வளையத்தைத் தேடி வருவதா, இருக்கிற பசையைத் தடவிக்கொண்டு கிளம்புவதா? பசித்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஆகவே, பரிகாரமும் அந்த நாள் கணக்கிலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, பலகையும் என்ஜினும் பழுது பார்க்கப்படும் காலம். சிறு படகுக்காரரும் ஆண்டில் இரண்டு நாளை என்ஜினுக்கென்று ஒதுக்கி, புகைமூட்டைத் திறந்து பார்த்துவிட்டால் போதும். ஒரே ரக என்ஜின் வைத்திருக்கும் பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்து, ஒரு டஜன் பாக்கிங்கையும் நல்ல போல்ட்டுகளையும் குப்பத்திலேயே ஒரு பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டால், பஸ் ஏறும் பிரயாணமும் மிச்சம், ‘அப்புறம்’ என்ற வார்த்தையும் மிச்சம். வலைக்கு உபரியாக நூல் வைத்துக்கொள்ளாத மீனவர் உண்டா? அந்த முன்யோசனையை என்ஜினுக்கும் கொஞ்சம் நீட்டவேண்டும், அவ்வளவுதான்.

காரில் போகிறவர்களுக்கும் இதே புத்திமதி. பாக்கிங் போடவேண்டிய இடத்தில் பசை தடவியிருக்கிறதா என்று ஒர்க்ஷாப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல மெக்கானிக்குகள் அப்படிப்பட்ட கேள்வியை விரும்பவே செய்வார்கள்.

பசை இன்றைய காரியத்தைச் சமாளித்துக் கொடுக்கும். அலை எழும்பும் முகத்துவாரத்தில் தினமும் உயிரை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அது போதாது. நாளைய காரியத்துக்கும் நிற்கும் மூட்டு அவர்களுக்கு வேண்டும். அதைத் தருவது அந்த மெல்லிய தகடுதான்.